ஆம்ப்ளிஃபயரின் முதுகு

முறிந்த விரலின் கட்டைப் பிரித்ததும் ஜெபர்சன் அவசர அவசரமாக எதிரொலிப் பெட்டியிலும் ஆம்ப்ளிஃபயரிலும் ஒயர்களைச் சொருகிக் கிட்டாரை வாசித்தான். எதிரொலிகள் ஒன்றோடொன்று குழைந்து கஞ்சியாயின. மூன்று வாரமாக அதே கஞ்சி. கோணிப்போன மோதிர விரல்தான் காரணம் என்று முடிவுகட்டி, கிட்டாரை விற்க ஆள் பார்த்துவிட்டான்.

டிரம்ஸ் வாசிக்கும் அருளப்பன் வந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"எதிரொலிப் பெட்டிய ஆம்ப்புக்கு முன்னால கொடுத்திருக்கியே. ஆம்ப் கரகரப்ப ஏத்துன பொறவுல்லா எதிரொலி சேரணும்? அதுக்குன்னே முதுகுல ரெண்டு ஓட்டை இருக்குலே."

அவனே ஒயர்களை மாற்றி அந்த ஓட்டைகளில் சொருகினான். ஜெபர்சன் பயந்துகொண்டே ஒரு தந்தியை மீட்டினான். ஒலி பெட்டிக்குள் போய்த் திரும்பியது. எதிரொலிகள் தனித்தனியாக, அவசரமில்லாமல் நடந்து போயின.

மூன்று வாரமாகத் திட்டித் தீர்த்த விரலை ஜெபர்சன் உதட்டில் ஒற்றிக்கொண்டான். கடைசி எதிரொலி இன்னும் ஓயவில்லை.