ஆடிப்பட்டம்

தொட்டியில் ஒரு செடி நின்றது.

இரண்டே இலை. சுண்டுவிரல் உயரம்கூட இல்லை.

ஜெகதீஷ் பின்வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். புல்தரை முழுக்க உறைபனி வெளுத்துக் கிடந்தது. மெல்பர்னின் வடகோடியில், கிரெய்கிபர்னில், இந்தக் குளிரில் அவரை விதை முளைக்காது. அந்தத் தைரியத்தில்தான் கதவைத் திறந்திருந்தான்.

ஆடி பிறந்த அன்று விதைத்தது. ஐந்து வயது யாமினி விரலால் குழி பறிக்க, அவன் விதையைப் போட்டான். அன்றுதான் மிருணாளினியை மறுபடியும் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அம்மா எப்போது வருவாள் என்று குழந்தை அழுதாள். அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். இது முளைத்ததும் வந்துவிடுவாள். உடம்பு நன்றாகி.

அவன் திண்டுக்கல் பக்கத்து ஆள். ஆடியில் போட்ட விதை ஒரு வாரத்துக்குள் தலைகாட்டிவிடும் என்பது அவன் கணக்கு.

போனில் சொன்னபோது மிருணாளினி சிரித்துவிட்டாள். "அது நம்ம ஊரு ஆடிங்க. இங்க ஆடின்னா மார்கழி. பாவம், புள்ளைய இப்படி ஏமாத்திட்டீங்களே!"

அதன் பிறகு அவள் சிரித்து அவன் கேட்கவில்லை.

யாமினி விடவில்லை. தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன் தண்ணீர் ஊற்றினாள். மண்ணுக்குக் குளிருமே என்று தன் கம்பளித் தொப்பியைத் தொட்டிக்கு மாட்டினாள். படுக்கும் முன் விதைக்கும் சேர்த்துச் சாமி கும்பிட்டாள்.

அவனும் கும்பிட்டான். நேற்று மாலை மருத்துவர் கூப்பிட்டுப் பேசியதிலிருந்து பழனி முருகனிடம் அவன் கேட்டது ஒன்றுதான்.

முளைக்காமலே இருக்கட்டும்.

இப்போது இது வந்து நிற்கிறது.

எழுந்து போய்க் குனிந்து பார்த்தான். அவரை இலை அகலமாக இருக்கும். இது மிளகாய்.

"மகன்..."

வேலிக்கு மேலே பக்கத்து வீட்டு ஆசியா உம்மாவின் தலை தெரிந்தது. நாற்காலியில் ஏறி நின்றிருந்தார். குரல் ரகசியமாக வந்தது.

"பிள்ளைட மொகத்தப் பாக்க ஏலாம இருந்திச்சி. சுபஹு தொழுத கையோட வந்து நட்டுட்டன். எங்கட குசினி யன்னல்ல இருந்த மொளகாக் கண்டு. அவகிட்ட சொல்லிராதீங்க, என்ன?"

முழங்கால் வலிக்காரர். விடியுமுன், இருட்டில், இந்தப் பனியில், சமையலறையில் வளர்த்த கன்றோடு பக்கவாட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு வந்திருக்கிறார்.

அன்பு நேரம் தவறி வந்தாலும் அன்புதான். அதைக் கடிந்துகொள்ள எந்த வாயால் முடியும்? "நன்றிங்கம்மா" என்றான்.

அதற்குள் பின்கதவு படீரென்று திறந்தது. யாமினி வெறுங்காலோடு பனியில் ஓடி வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். செடியைத் தொடப் போய், தொடாமல், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, இட் கேம் அப்! அம்மா டுடேயா?"

இத்தனை நாளும் பொய் சொல்வது எளிதாக இருந்தது. இன்று அவன் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஆமாடா கண்ணு. இன்னைக்குத்தான் வர்றாங்க."

கூவிக்கொண்டே அவள் உள்ளே ஓடினாள்.

"அல்ஹம்துலில்லாஹ்!" ஆசியா உம்மா துஆ கேட்டு இரண்டு கைகளையும் உயர்த்தினார். கண் கலங்கிவிட்டது. "எல்லாம் சுகமாயிட்டா, மகன்?"

வீட்டுப் பக்கம் திரும்பினான்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால், சோபா இருந்த இடத்தில், பக்கக் கம்பிகளோடு ஓர் உயரமான கட்டில். தலைமாட்டில் ஆக்சிஜன் இயந்திரம். நேற்றுக் குழந்தை தூங்கிய பிறகு மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். இனி மருத்துவமனையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை, அவருக்குப் பிடித்த இடத்தில் இருக்கட்டும் என்று மருத்துவர் மிக மென்மையாகத்தான் சொன்னார்.

அந்தக் கட்டிலில் ஏறி யாமினி குதித்துக்கொண்டிருந்தாள்.

ஆசியா உம்மாவும் பார்த்தார். உயர்த்திய கைகளை அவர் இறக்கவில்லை.

துஆ மட்டும் மாறியது.