போச்சா?

"என்ன கார்மேகம், போச்சா?"

வார்டு வாசலில் நின்றபடியே ஃபோர்மேன் கல்யாணசுந்தரம் கேட்டார். எட்டுக் கட்டிலுக்கும் கேட்கிற குரல். பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்த கீழக்கரைக்காரர் காதர் மைதீன், சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினார்.

கார்மேகத்துக்கு உடம்பே கூசிப்போனது. "இன்னும் இல்லண்ணே" என்று முனகினான்.

"ம்." அவ்வளவுதான். வந்த வேகத்தில் போய்விட்டார். ஆபரேஷன் முடிந்து மூன்று நாளாக இதே கூத்து. உட்காருவதில்லை, வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

"எப்படா டூட்டிக்கு இழுத்துட்டுப் போகலாம்னு பாக்குறாரு பாய். இப்ப நேரா அல் கூஸ்ல நம்ம லேபர் கேம்ப்புக்குப் போய், ரூம் ரூமாச் சொல்லிச் சிரிப்பாரு" என்று பொருமினான்.

இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் மறைத்த சங்கதி அது. வெளிக்குப் போனாலும் சரி, சிமெண்ட் மூட்டையைத் தூக்கினாலும் சரி, ஆசனவாய் வழியே குடல் பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். ஓரமாகப் போய்க் கையால் உள்ளே தள்ளிவிட்டு, மறுபடியும் மூட்டையைத் தூக்குவான். ஒருநாள் சைட்டில் ரத்தத்தோடு மயங்கி விழுந்தபோதுதான் குட்டு உடைந்தது.

டாக்டர் குடலை உள்ளே இழுத்துத் தைத்துவிட்டார். "இனி வெளிக்கு ஒழுங்காகப் போனால்தான் டிஸ்சார்ஜ்" என்று சொல்லிவிட்டார்.

பயமே அங்கேதான். தையல் பிரிந்து மறுபடியும் வெளியே வந்துவிட்டால்? அந்தப் பயத்தில் கஞ்சியைக்கூடப் பாதியில் ஒதுக்கிவிடுவான். ஊரிலிருந்து மனைவி சீதாலட்சுமி போனில் கேட்டபோது, "அதெல்லாம் மொத நாளே போயாச்சு புள்ள" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான்.

நாலாம் நாள் காலையில் வெளிக்கு வருவதுபோல் இருந்தது. நர்ஸ் ஜெயபாரதி கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்கார வைத்து, காலடியில் ஒரு குட்டி ஸ்டூலைப் போட்டாள்.

"முக்காதீங்கண்ணே. மருந்து நல்லா இளக்கி வெச்சிருக்கும். மூச்சை மெதுவா விடுங்க, தானா வரும்."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். கார்மேகம் கண்ணை மூடிக் குலசாமியைக் கூப்பிட்டான். மூச்சை விட்டான்.

வந்தது. பெரிய வலி இல்லை. கையால் தொட்டுப் பார்த்தான். எதுவும் பிதுங்கவில்லை. இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அப்படியே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

சாயங்காலம் கல்யாணசுந்தரம் வந்தார். "போச்சா?"

"போச்சு" என்றான் விறைப்பாக. "போதுமாண்ணே? நாளைக்கே டூட்டிக்கு வந்துரவா?"

"டூட்டியா? ரெண்டு மாசத்துக்கு மூட்டைப் பக்கம் வந்தே, காலை ஒடிச்சுப்புடுவேன்."

சொல்லிக்கொண்டே அவர் வராந்தாவுக்குப் போய் மொபைலைக் காதில் வைத்தார். ரகசியம் பேசத் தெரியாத மனுஷன். ஒவ்வொரு வார்த்தையும் கார்மேகத்தின் காதில் விழுந்தது.

"சீதாலட்சுமி, அண்ணன் பேசுறேன்மா. இந்தத் தடவை நிஜமாவே போயிருச்சு, நானே கேட்டுட்டேன். அவனுக்காக நீ நாலு நாளாப் பட்டினி கிடந்தது போதும்... எந்திரிச்சு ஒரு வாய் சாப்பிடு தாயி."