ஒரே தொடுதலில் அன்பு

செயலி ஒன்றை உருவாக்குமுன், அதைப் பயன்படுத்தப்போகிறவரின் கதையைக் கற்பனையாக எழுதித் தருவது அவளுடைய வேலை. அன்று அவள் எழுதியதை மேலாளர் கூட்டத்தில் உரக்கப் படித்தார்.

“‘வேலை நேரத்தில் ஒருவர் தினமும் அழைக்கிறார். துண்டித்தால் அவர் மனம் நோகும். பொத்தானைத் தொட்டதும் அன்பான பதில் தானாகப் போகவேண்டும்.’ பிரமாதம்மா! யாரு இந்த அறுவை? லோன் விக்கிறவனா?”

எல்லாரும் சிரித்தனர். அவள் தலை நிமிரவில்லை.

“சும்மா, கற்பனைதான் சார்.”

அடுத்த வாரக் கூட்டத்தில் மாதிரிச் செயலியை அவளுடைய கைப்பேசியிலேயே ஏற்றினர். சொல்லிவைத்தாற்போல் அழைப்பு வந்தது.

“ஆளு வந்தாச்சு! தொடுங்க மேடம்!” என்றான் புரோகிராமர்.

விரல் தயங்கிற்று, ஆயினும் தொட்டாள்.

‘கூட்டத்தில் இருக்கிறேன். உங்கள் நினைவாகவே இருக்கிறேன். பிறகு பேசுகிறேன்.’

செய்தி பறந்தது, அறையே கைதட்டியது. மறுகணமே பதில் வந்து விழுந்தது.

“அட, அறுவை ஏமாந்துட்டானா? சத்தமா படிம்மா!” என்றார் மேலாளர்.

அவள் கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு படித்தாள்.

‘இத்தனை வேலைக்கு நடுவுலயும் உன் கையால எழுதி அனுப்பினியே கண்ணு! அப்பாவுக்கு இது போதும். அழிக்காம வெச்சுக்கறேன்.’