தூக்கிக் காட்டிய தாள்

"தாளைத் தூக்கிக் காட்டாம எங்கடி ஓடுற? நில்லு!"

பாடகர் குழுவின் எஸ்னாத் போட்ட சத்தத்தில், மாமரத்தடியில் வரிசையாக நின்ற வாலிபர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாலிபர் வகுப்பு எடுக்கும் லவ்னெஸ் நிற்கவில்லை. பரிசோதனைக் கூடாரத்திலிருந்து வெளியே வந்தவள், முடிவுத் தாளை நாலாக மடித்து இடுப்புத் துணியில் செருகிக்கொண்டாள்.

அந்த ஏரிக்கரைச் சபையில் இது வழக்கம். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, வாலிபர் வகுப்பு முடிந்ததும் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை. முதல் ஆள் போதகர் கலோங்கா. வெளியே வந்து, 'இல்லை' என்று எழுதிய தாளை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்குவார். பெண்கள் குலவையிடுவார்கள். பிள்ளைகளுக்குப் பயம் தெளியும். அவர்களும் ஒவ்வொருவராகப் போய், தூக்கிக் காட்டிக்கொண்டே வருவார்கள்.

"போதகரே காட்டுறாரு. மகாராணிக்கு என்ன வந்துச்சாம்?" என்றாள் எஸ்னாத்.

"காட்ட முடிஞ்சா காட்ட மாட்டாளா அக்கா?" வரிசையில் ஒருவன் சிரித்தான். "பத்துக் கட்டளையும் நமக்கு ஒப்பிச்சுக் காட்டுனவ. விபசாரம் செய்யாதேங்கறது மட்டும் டீச்சருக்கே மறந்துபோச்சு!"

லவ்னெஸ் போதகரைப் பார்த்தாள். "ஐயா..."

சபையும் போதகரைத்தான் பார்த்தது.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சபைக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கும்மா. நாளையிலேர்ந்து வகுப்பு நீ எடுக்க வேணாம். எல்லாரும் இவளுக்காக ஜெபம் பண்ணுங்க."

அவள் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

நாலே முக்காலுக்குக் கூட்டம் கலைந்தது. நர்ஸ் அட்டுபேலே கூடாரத்துக்குள் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். போதகர் உள்ளே வந்து திரையை இழுத்து விட்டார்.

"லவ்னெஸ் மாத்திரைய வாங்கிக்கல ஐயா. மேசையிலயே வச்சுட்டுப் போயிட்டா."

"நீ எடுத்துச் சொல்லலியா?"

"சொன்னேன். தினம் முழுங்கினா பேரன் பேத்தி எடுக்கலாம்டின்னேன். 'அப்படி எடுத்த ஒருத்தரக் காட்டுங்க சிஸ்டர், நம்புறேன்'ங்கறா. நான் யாரைக் காட்டுவேன்?"

போதகர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மூணு வருஷம் முன்னாடி மீன் ஏலக்காரர் மகன் இப்படித்தான் வச்சுட்டுப் போனான். ரெண்டாவது மழை பாக்கல. மலேரியான்னு சொல்லி நீங்கதான் அடக்கம் பண்ணி வச்சீங்க."

"ஞாபகம் இருக்கு."

"அஞ்சு மணி பஸ்ஸுல எங்கயோ போறாளாம். திரும்பி வர மாட்டாளாம். இப்ப பஸ் நிக்கிற எடத்துலதான் உக்காந்திருக்கா. நீங்க போய் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க வார்த்தைய அவ நம்புவா."

போதகர் எழுந்து திரையை விலக்கினார். வெளியே எஸ்னாத்தும் இன்னும் நாலைந்து பேரும் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். "யம்மா, அவ நடையப் பாத்தப்பவே நெனச்சேன்!" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

திரையை விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

பஸ் ஹாரன் கேட்டது. அட்டுபேலே அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் பண்ணுகிறார் போலிருந்தது. இரண்டாவது ஹாரன். பிறகு எஞ்சின் சத்தம் மேடேறி, தேய்ந்து, இல்லாமல் போயிற்று.

அவள் பெட்டியின் அடியில் கைவிட்டு, வேறு யாரோ பேர் எழுதிய ஒரு டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். லவ்னெஸ் வேண்டாமென்று விட்டுப்போன அதே மாத்திரை. ஒன்பது வருஷமாக அவரை உயிரோடு வைத்திருப்பது.

"பிள்ளைங்க பயப்படாம வரணுமேன்னுதான் முதல் வருஷம் உங்க தாள்ல 'இல்லை'ன்னு எழுதினேன். இனிமே என் கையால எழுத மாட்டேன் ஐயா."

போதகர் டப்பாவைக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தார்.

"குலுங்குற சத்தம் வெளிய கேக்கும் பாரு அட்டுபேலே. இன்னும் கொஞ்சம் பஞ்சு வை."