காசு கொடுத்த பாட்டு

நாஷ்வில் டயர் கடையில் மதிய இடைவேளை. லைல் தன் கைபேசியில் பழைய ஆல்பம் ஒன்றைப் பணம் கட்டித் தரவிறக்கிக்கொண்டிருந்தார். உடன் வேலை செய்யும் டார்லா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"பன்னிரண்டு டாலரா? ஓசியில கொட்டிக் கிடக்குது, பெரிசு. உங்களை மாதிரி ஏமாளிங்களாலதான் அந்தப் பாட்டுக் கம்பெனி கொழுக்குது."

"திருட்டுக் காப்பியில கிடார் தகரம் தட்டுற மாதிரி கேக்கும். சனிக்கிழமை என் பொண்ணு கல்யாணத்துல போடணும்."

"வர்றவங்க ரசீதா கேப்பாங்க?"

"கம்பெனி கேக்கும். போன வருஷம் இதுல ஒரு பாட்டை நான் இணையத்துல போட்டதுக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டாங்க."

"பின்னே? பாடினவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அவனுக்குச் சம்மதம்தான். ஆனா உரிமை அவன்கிட்ட இல்லையே. இருபது வயசுல படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டான், மடையன்."

"அந்த மடையனை உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தாம்மா அது," என்றார் லைல்.