லவுட்ஸ்பீக்கர் பதுர்தீனின் செய்தி நேரம்

“இதுக்குப் பேர் செய்தியா?”

பதுர்தீன் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் இடித்து வைத்தார். ஹோட்டல் ரேடியோவில் அப்போதுதான் செய்தி முடிந்து, பற்பொடி விளம்பரப் பாட்டு தொடங்கியிருந்தது.

“வில்கமுவயில வெள்ளாமையெல்லாம் தண்ணிக்குள்ள கெடக்கு. அதைப் பத்தி ஒரு சொல் வந்துச்சா? கொழும்பில மந்திரி ரிப்பன் வெட்டினா மட்டும், கத்திரிக்கோல் வரைக்கும் சொல்றான். ஏன்? காசு குடுக்கிறவன் சோப்புக் கம்பெனிக்காரன். ஊர் அழுதா அவனுக்குச் சோப்பு விக்காது!”

இருந்தவர்கள் தலையாட்டினார்கள். மாத்தளையில் கலியாணம், கந்தூரி, தேர்த் திருவிழா எதுவானாலும் லவுட்ஸ்பீக்கர் பதுர்தீனுடையது. அவருடைய தொண்டைக்கு மைக் எதற்கு என்று கேட்பாள் மனைவி றஹீமா.

அந்த வாரமே அவர் ஒரு வேலை செய்தார். மார்க்கட்டுக்குப் பின்னால் இருந்த தன் மாடி அறையில் மைக்கை வைத்தார். அங்கிருந்து வயர் இழுத்து, பஸ் ஸ்டாண்ட் கம்பத்தில் இரண்டு லவுட்ஸ்பீக்கர் குழாய்களைக் கட்டினார். தினமும் மத்தியானம் பாட்டு, நடுவே ஊர்க் கடைகளின் விளம்பரம், அதற்குப் பிறகு ‘மாத்தளைச் செய்திகள்’.

முதல் நாள் ஊரே அசந்துபோனது. அரிசியில் கல். சோடாப் போத்தலில் புழு. பலாபத்வலப் பக்கம் கள்ளத் தராசு.

“செய்தின்னா இதுதான்!” என்றாள் றஹீமா. பதுர்தீனுக்குச் சட்டைப் பொத்தான் தெறிக்காத குறை.

மறுநாள் அரிசிக்கடை இராசமாணிக்கம் படியேறி வந்தார்.

“பதுர்தீன் நானா, என் கடை விளம்பரம் முடிஞ்ச கையோட அரிசியில கல்லுன்னு வாசிச்சா, சனம் எந்தக் கடைன்னு நினைக்கும்?”

“உங்க கடைன்னு நான் சொல்லலையே.”

“நீங்க சொல்லலை, அவங்க சொல்றாங்க. அரிசியை விட்டுடுங்களேன். ஊரில வேற செய்தியா இல்லை?”

பதுர்தீனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அரிசி போனது. அடுத்து சோடாக்காரர் வந்தார், புழு போனது. கள்ளத் தராசுக்காக யாரும் வந்து கேட்கக்கூட இல்லை. யாருடைய மனசாவது நோகுமே என்று அதைப் பதுர்தீன் தானாகவே விட்டுவிட்டார்.

மாதம் முடிவதற்குள், செய்திகளில் மிஞ்சியது மேகமூட்டமும் காணாமல் போன ஒரு சிவப்பு மாடும்தான். மாட்டுக்கும் யாராவது முதலாளி படியேறி வந்துவிடுவாரோ என்று அவருக்கு உள்ளூரப் பயம்.

பிறகு அடைமழை பிடித்தது. ஒரு நாள் காலையில் லொறிக்காரர் ஒருவர் சேதி கொண்டுவந்தார். ரத்தோட்டைக்கு மேலே மண் சரிந்து, லக்கல பாதை மூடிக் கிடக்கிறது.

பதுர்தீன் துள்ளி எழுந்தார். கடைசியில் ஒரு செய்தி! எந்தக் கடைக்காரரும் கோபிக்க முடியாத செய்தி!

மத்தியானம் அவர் மைக்கைத் தட்டிப் பார்க்கும்போது ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் வந்து நின்றார். பஸ்ஸெல்லாம் முதலாளிமார் கையில் இருந்த காலம் அது. லக்கல பஸ் ஹாஜியாருடையது.

“தம்பி, பாதைக் கதையைச் சொல்லிடாதீங்க. சொன்னா என் ஆளுங்கெல்லாம் நாவுல ஊர் வழியாச் சுத்தி லக்கல போற மத்தக் கம்பெனி பஸ்ஸில ஏறிடுவாங்க. பின்னேரத்துக்குள்ள மண்ணை அள்ளிடுவாங்க.”

“அள்ளாட்டி?”

“நாளைக்குப் போறது. லக்கலயிலிருந்து கப்பலா புறப்படப் போகுது?”

விளம்பரங்களிலேயே பெரிய விளம்பரம் ஹாஜியாருடையது. பதுர்தீன் மைக்கைப் பார்த்தார். ஹாஜியாரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“லக்கல போகும் பயணிகள் பொறுமையாகக் காத்திருக்கவும். பஸ் வரும்.”

பொய் இல்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டார். என்றைக்காவது ஒரு நாள் பஸ் வரத்தானே போகிறது. பாதையைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லையே.

பொழுது சாய்ந்து, மஃரிபு தொழுதுவிட்டு வீட்டுக்குப் போனால், கதவில் பூட்டு. அடுத்த வீட்டு நல்லம்மா எட்டிப் பார்த்தாள்.

“நானா, றஹீமாவோட தங்கச்சிக்கு நாள் கிட்டிடுச்சாம், துணைக்கு ஒருத்தருமில்லையாம். நேத்து பஸ்ஸில லக்கலயிலிருந்து வந்த ஆள் இன்னைக்குத்தான் வந்து சொன்னாரு. மத்தியானமே ஓடினாங்க. உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போறேன்னாங்களே?”

மத்தியானம் செய்தி நேரம். ஹாஜியாரை உள்ளே வைத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருந்தது அவர்தான்.

பதுர்தீன் மழையில் ஓடினார். தங்கச்சிக்கு அன்றிரவே நல்லபடியாகப் பிள்ளை பிறந்தது, பக்கத்து வளவுச் சிங்களப் பெண் கூட இருந்து பார்த்துக்கொண்டாள் என்ற சேதியெல்லாம் பிறகுதான் வந்தது. ஓடும்போது அவருக்கு அது தெரியாது. செருப்பு ஒன்று சேற்றில் புதைந்ததுகூடத் தெரியாது.

பஸ் ஸ்டாண்டில் வேறு ஒருத்தரையும் காணவில்லை. குழாய்க் கம்பத்துக்குக் கீழே, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, நனைந்து நடுங்கியபடி றஹீமா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

“நாவுல பஸ்ஸில போயிருக்கலாமே, புள்ள!”

“எல்லாரும் அதிலதான் போனாங்க. ரத்தோட்டைப் பாதை மூடிக் கெடக்குன்னு அந்தக் கண்டக்டர் கூவிக் கூவிச் சொன்னாரு.”

“பிறகு நீ ஏன் ஏறலை?”

றஹீமா முக்காட்டைப் பிழிந்தாள்.

“நான் ஏறுவேனா? எங்க வீட்டுக்காரர் எதையும் மறைக்கிற ஆளில்லைன்னு, அந்தக் கண்டக்டரோட சண்டை பிடிச்சுக்கிட்டு நின்னேன்.”