லாய் என்றொரு சொல்

லண்டன் ஸ்ட்ரெதம் வீட்டுக் குசினியில் காலை வெயில் போன் திரையில் பட்டுக் கூசுகிறது. அஞ்சலீனா அதைக் கையால் மறைக்கிறாள். திரைக்குள், சீனத்து அநாதை இல்லத்தில், ஆறு வயது யாவென். அவளைத் தத்தெடுக்கப் பத்திரமெல்லாம் தயாரான பிறகு, வெளிநாட்டாருக்குப் பிள்ளை கொடுப்பதைச் சீனா நிறுத்திவிட்டது. இதுதான் கடைசி அழைப்பு. "நீ லாய் மா?" என்கிறாள் பிள்ளை. சீனத்திலும் 'நீ' நீதான், 'லாய்' வருவது, 'மா' கேள்விக்கு. ஓம் என்பதற்கு "லாய்" என்று திருப்பிச் சொன்னால் போதும். இல்லையென்றால் முன்னால் ஒரு 'பூ' சேர்க்கவேண்டும்: "பூ லாய்." அந்த ஒரு 'பூ'வைச் சொல்லாமல் அஞ்சலீனா போன் திரையைத் துடைக்கிறாள். "சொல்லுமப்பா, ஏலாதெண்டு," கணவன் றஜீவ் கிசுகிசுக்கிறான். "நீங்களே சொல்லுங்கோவன் பாப்பம்." திரைக்குள், பிள்ளையைப் பராமரிப்பவளின் கை போனை அணைக்க நீள்கிறது. விடைபெறும்போது 'போறன்' என்று யாழ்ப்பாணத்து வாய் சொல்லாது. 'வாறன்' என்றுதான் சொல்லும். பதற்றத்தில் அஞ்சலீனா அதையே சீனத்தில் சொல்லிவிடுகிறாள்: "லாய்." யாவென் துள்ளி எழுந்து, தன் பையை எடுக்க ஓடுகிறாள்.